கண்ணுக்கு மட்டும் ஒரு ப்ரீசெட்

குமாரு,

நான் நலம், நீ நலமா என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுதமாட்டேன். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அது உனக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். உன் கண்ணின் வெள்ளை தை மாதத்திலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. எங்களுக்கு அனுப்புகிற ஒவ்வொரு படத்திலும் அந்த மஞ்சளை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறாய். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். நடுவில் வேறு எதையாவது எழுதினால், சொல்லப் பயந்து சுற்றி வருகிறேன் என்று வைத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், கடையில் ஆள் நிற்கிறது என்பாய், வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அஞ்சாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். மூன்று நாளாக எழுதுகிறேன், நாலு தாள் கிழித்தாகிவிட்டது. உறையை ஒட்டாமல்தான் தரப்போகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். நம் வீட்டில் மூடி வைத்தது போதும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்கிறேன். இல்லாவிட்டால் யாரோ என் காதில் ஓதிவிட்டார்கள் என்று நினைப்பாய். முதுநகரில் இருக்கும் நம் போட்டோ கடையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த மும்தாஜ், கல்யாணமாகிப் பரங்கிப்பேட்டைக்குப் போகப்போகிறாள் என்றதும் நீ என்ன சொன்னாய்? கடையை மூடிவிடலாம், சிதம்பரத்துக்கு வந்து எங்களோடு இரு என்றாய். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதற்குச் சிரித்தாய். "அதெல்லாம் இங்கிலீஷும்மா, ஒன்னால முடியாது" என்றாய். "இங்கிலீஷ் தெரியாட்டி என்னாடா, எடம் தெரிஞ்சா போதும். பஸ்ஸுல போர்டு படிச்சா ஏறுறேன்? நிக்கிற எடத்த வச்சித்தான ஏறுறேன்?" என்றேன். அன்றைக்கே மும்தாஜ் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "ஆயா, மவுஸ இப்டி நசுக்காதீங்க, அது எங்கியும் ஓடிடாது" என்று அந்தப் பெண் தினமும் என்னைக் கிண்டல் செய்தபடியே சொல்லிக் கொடுத்தாள். பதினைந்து நாளில் படத்தை வெட்டவும், பின்னால் நீலம் வைக்கவும், எட்டுப் படமாக அடுக்கி பிரிண்ட் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். இதை நான் பெருமைக்குத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

ப்ரீசெட்தான் பிடிபடாமல் இருந்தது. அதைக் கலர் கண்ணாடித்தாள் மாதிரி நினைத்திருந்தேன். தாளைப் படத்தின் மேல் போர்த்தினால் எல்லாம் அந்த நிறமாகத் தெரியுமே, அப்படி. மும்தாஜ் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இல்ல ஆயா. இந்தப் பேரு மேல அமுக்குங்க. இப்ப ரைட் சைடுல பாருங்க, இன்னா நடக்குதுன்னு." பார்த்தேன். வலதுபக்கம் வரிசையாக நிற்கும் கோடுகளில் இருந்த குமிழ்கள் தாமாக ஓடி, ஆளுக்கொரு இடத்தில் நின்றன. ஒன்று வெளிச்சம், ஒன்று நிழல், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். யாரோ ஒருவர் ஒரு படத்துக்காக ஒவ்வொரு குமிழையும் கையால் நகர்த்தி, எது எங்கே நின்றது என்பதைச் சேமித்து, அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். அவ்வளவுதான் ப்ரீசெட். பெயரை அமுக்கினால் அதே உத்தரவு அடுத்த படத்துக்கும் போகிறது. படத்தில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்த கம்பவுண்டர் ஒருவர் எங்கள் சின்ன வயசில் இருந்தார், அவர் ஞாபகம்தான் வந்தது. இன்னொன்றும் சொன்னாள். எத்தனை ப்ரீசெட் போட்டாலும் அடியில் இருக்கும் அசல் படத்துக்கு ஒன்றும் ஆகாது. எண்டருக்கு மேலே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தரம் அமுக்கினால் முன்னே இருந்தது தெரியும், மறு தரம் அமுக்கினால் இப்போது இருப்பது தெரியும். அந்தப் பொத்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வேலை இல்லாத நேரத்தில்கூட அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மும்தாஜ் போன முதல் வாரமே பெரிய தப்பு ஒன்று செய்தேன். உனக்குச் சொல்லவில்லை. மஞ்சள் பூசின முகம் படத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி தெரியக் கூடாது என்று நீ உண்டாக்கி வைத்திருக்கிறாயே, 'நலங்கு' என்று ஒரு ப்ரீசெட், அதைப் போட்டால் கல்யாணப் பெண் அவ்வளவு லட்சணமாக வருவாள். நல்லதுதானே என்று அதை எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்து ஐடி கார்டுக்கு எடுத்த நாற்பது பிள்ளைகளுக்கும் மொத்தமாகப் போட்டுவிட்டேன். ஏற்கெனவே மஞ்சள் இல்லாத முகத்திலிருந்து அது இருந்த கொஞ்ச மஞ்சளையும் உறிஞ்சிவிட்டது. பிரிண்ட் வாங்கிப் போன ஒரு பிள்ளையின் தாய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கவரை மேஜையில் வீசினாள். "இன்னா ஆயா இது? எம் புள்ளய கடல்லேர்ந்து தூக்கிப் போட்டாப்ல இருக்குது. நாங்க பாத்ததெல்லாம் போதாதா?" என்றாள். கவரை எடுத்துப் பார்த்தேன். உதடு நீலம், கன்னம் சாம்பல். நாற்பது பிள்ளைகளும் அப்படி. சுனாமியைப் பார்த்த இந்தக் கரையில் இருக்கிறவர்களிடம் அப்படி ஒரு முகத்தைக் காட்டலாமா? அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றையிலிருந்து ஒரு ப்ரீசெட்டை அமுக்குவதற்கு முன்னால், அது எதை எடுக்கிறது, எவ்வளவு எடுக்கிறது என்று வலதுபக்கம் பார்க்காமல் விடுவதில்லை. அந்தப் பழக்கம்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தது.

வைகாசியில் நம் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு வைத்தாய். என் பேத்தி, கணக்கில் நூற்றுக்கு நூறு எடுக்கிறவள், பட்டுப் பாவாடையில் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். "ஆயா, எவ்ளோ நேரம் இப்டியே உக்காரணும், நாளைக்கி டெஸ்ட் இருக்கு" என்றாளே, மண்டபமே சிரித்தது. வடக்கு வீதி மண்டபத்தில் கூரை முழுக்க மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். செல்வியின் அண்ணன் பாலு, தாய்மாமன் சீர்த்தட்டை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தான். "இன்னா மச்சான், பொண்ணுக்கு ஊத்துன மஞ்சத் தண்ணி ஒங்க கண்ணுல தெறிச்சிடுச்சா? கழுவிட்டு வாங்க, போட்டோல அப்டியே வந்துடப் போவுது" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். "அண்ணே, சும்மா இரு. ஒரு வாரமா அவருக்குத் தூக்கமே இல்ல" என்றாள் செல்வி. நீ விடவில்லை. "போட்டோ புடிக்கிறவனே நான்தான் மச்சான். எனக்குத் தெரியாத மஞ்சளா?" என்றாய். அப்புறம் மண்டபத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றினாய். அதற்கும் உன்னைக் கேலி செய்தோம். உன் கடை ஆள் படம் எடுக்கும்போது மட்டும் கழற்றினாய்.

முகூர்த்த நாட்கள் வரிசையாக இருந்ததால் அந்தப் படங்களைச் சரி பண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தாய். எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உனக்குத் தெரியாது. "ரெண்டு கடைக்கும் ஒரே கணக்குதாம்மா. நான் இங்க ஏத்திட்டேன், நீ அங்க தொறந்தாலே வரும். எல்லாத்துக்கும் நலங்கு போட்டுட்டு, ஒவ்வொண்ணா ஒரு பார்வ பாத்துடு. நான் இருக்கிற படத்த மட்டும் தொடாத. அத நான் பண்ணிட்டேன்" என்றாய். "ஏன், ஒம் மூஞ்சிக்கு மட்டும் ஸ்பெஷலா?" என்று கேட்டேன். "பின்ன? பொண்ணப் பெத்த ஹீரோ இல்ல" என்றாய். எனக்கு உள்ளுக்குள் கோபம். பெற்ற பிள்ளையின் முகத்தை இவளிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவாள் என்று நினைக்கிறானே என்று. அந்த ரோஷத்தில்தான் நீ தொடாதே என்றதைத் திறந்தேன். நீ எப்படிச் செய்திருக்கிறாய் என்று பார்த்து, அதைவிட நன்றாகச் செய்து காட்டவேண்டும் என்று.

இடதுபக்கம் கீழே, ஒவ்வொரு படத்துக்கும் நாம் என்னென்ன செய்தோம் என்று அது வரிசையாக எழுதி வைத்திருக்கும், உனக்குத் தெரியாததா. நீ இருக்கிற படங்களில் நலங்குக்குக் கீழே இன்னொரு ப்ரீசெட் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தாய். ப்ரீசெட் வரிசையில் தேடினேன், கடைசியில் தனியாக அந்தப் புள்ளி நின்றது. அதைப் பாலு படத்தில் வைத்துப் பார்த்தேன், தூரத்தில் நிற்கிற சின்ன முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாழினி படத்தில் வைத்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. வலதுபக்கக் குமிழ்களும் நகரவில்லை. ஒன்றுமே செய்யாத ஒரு ப்ரீசெட்டை எதற்கு உண்டாக்கி, எதற்குப் பெயரில்லாமல் வைத்திருக்கிறான் என்று மும்தாஜுக்குப் போன் போட்டேன். "அது மொத்தப் படத்துக்கும் போடுறது இல்ல ஆயா. மூஞ்சிய அதுவே தேடிப் புடிக்கும். அதுல ஒரு எடத்த மட்டும் எடுத்துக்கும். மேல வட்டமா ஒரு படம் இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க. எந்த எடம் செவப்பா காட்டுது?" என்றாள். கண் சிவந்து காட்டியது. கண்ணின் வெள்ளை மட்டும். "அதுல எந்தக் கோடு நவுந்திருக்கு?" என்றாள். "கலரு கோடு. மஞ்சள்லேர்ந்து நீலத்துக்கு இழுத்திருக்கு. ரொம்ப தூரம் இழுத்திருக்கு" என்றேன். "யாருக்கு ஆயா போட்டிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியலை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நீயும் செல்வியும் யாழினியும் நிற்கிற படத்தைத் திறந்து, உன் முகத்தைப் பெரிதாக்கி, எண்டருக்கு மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினேன். அசல் வந்தது. ஒரு அமுக்கில் உன் கண் பூராவும் மஞ்சள். கூரைத் துணியின் நிறம்தான் அடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலு உன் தோளை இடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறதே, அதைத் திறந்தேன். அதே துணி, அதே விளக்கு. அவன் சட்டை மஞ்சளாக இருந்தது, நெற்றி மஞ்சளாக இருந்தது, கண் வெள்ளையாக இருந்தது. உன் கண் மட்டும் அப்படி. மொத்தம் நாற்பத்தொரு படத்தில் நீ இருந்தாய். நாற்பத்தொன்றிலும் அந்தப் புள்ளி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கரையில் எடுத்த படங்களைத் திறந்தேன். கூரை இல்லை, துணி இல்லை, நல்ல காலை வெயில். அதிலும் புள்ளி போட்டிருந்தாய். பொத்தானை அமுக்கினேன். மஞ்சள், கொஞ்சம் குறைவு. தைப்பூசத்துக்கு வடலூர் போனபோது யாழினி எடுத்தது ஒன்று, அதிலும் புள்ளி. இன்னும் கொஞ்சம் குறைவு, ஓரத்தில் மட்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மார்கழி ஆருத்ராவுக்கு உன் கடை வாசலில் நின்று தேர் பார்த்தோமே, அந்தப் படத்தில் புள்ளி இல்லை. உன் கண் வெள்ளையாக இருந்தது. நான் திரும்பவும் மார்கழியிலிருந்து வைகாசிக்கு வந்தேன். மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே வந்தது. கூடவே இருக்கிற செல்விக்குத் தெரியாதது அதிசயமில்லை, தினம் பார்க்கிற முகத்தில் மெல்ல ஏறுவது தெரியாது. எனக்கு அஞ்சு மாதமும் ஒரே மேஜையில் கிடந்தது. ஓரத்தில் மட்டும் இருந்தபோதே நீ பார்த்துவிட்டாய். தொழில் தெரிந்தவன் கண் அது, முதல் நாளே பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ப்ரீசெட் உண்டாக்கியிருக்கிறாய்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"கண்ணு எப்டிடா இருக்கு?"

"இன்னாம்மா திடீர்னு?"

"சும்மாதான் கேட்டேன்."

"கம்ப்யூட்டரு பாத்துப் பாத்து எரியுது. வேற ஒண்ணுமில்ல."

"சாப்புடுறியா ஒழுங்கா?"

"பசியே எடுக்க மாட்டேங்குது, வெயிலு. சரிம்மா, கஸ்டமர் நிக்கிறாங்க."

வைத்துவிட்டாய். நான் ஒரு பெரியவருக்குப் பென்ஷனுக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரையில் ப்ரீசெட் வரிசை திறந்தபடியே இருந்தது, அந்தப் புள்ளியும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, யாரும் தொடாமல், அது போய்விட்டது. மேலே இருந்தவை அப்படியே இருந்தன, அதன் இடம் மட்டும் காலி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி நீ உட்கார்ந்து அதை அழிக்கிறாய் என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரமானது. அதுவரைக்கும் உனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அழகுக்குச் செய்திருக்கலாம் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

நீ அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாய் குமாரு. ப்ரீசெட்டை அழித்தால் அது ஏற்கெனவே செய்த வேலை அழியாது. மும்தாஜ் எனக்கு மூன்றாம் நாளே சொல்லிக் கொடுத்தது அது. ஒவ்வொரு படமாகப் போய்த்தான் எடுக்கவேண்டும். நான் எடுத்தேன். நாற்பத்தொரு படத்திலும் உன் கண்ணை உன் கண்ணாக வைத்திருக்கிறேன். திரும்ப நீ அதில் கை வைத்தாலும் பிரயோஜனமில்லை, பிரிண்ட் போட்டுவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்.

உன் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது உங்கப்பாவுக்குக் கண் மஞ்சளானது. சாப்பிட உட்கார்ந்தவரைப் பார்த்து, "இன்னாங்க, கண்ணு ஒரு மாதிரி இருக்கு" என்றேன். "ட்யூப் லைட்டுடி" என்றார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் சொல்லியாகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி என்று போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், தேதி தள்ளிப்போனால் என்ன பேசுவார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டோம். அவர் ஆயுசில் குடித்தவர் இல்லை. கண் மஞ்சளென்றால் ஊர் முதலில் அதைத்தான் சொல்லும் என்று பயம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தினமும் கொடுத்தேன். கல்யாணம் நடந்தது. படங்கள் வந்தன. நீ அப்போது கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியிருந்தாய், எதையும் மாற்றிக் காட்டுவாய். நான் உன் பின்னால் வந்து நின்று, "அப்பா கண்ண மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்குடா, பொண்ணு வூட்டுக்காரங்க ஆல்பம் பாப்பாங்க" என்றேன். நீ கேட்டாய்: "ஏம்மா அப்பாவுக்குக் கண்ணு இப்டி இருக்கு?" "மண்டபத்து லைட்டு" என்றேன். நீ நம்பினாய். அவர் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு படமாக வெள்ளை அடித்தாய். அவர் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லியே, பத்து வயசு கொறச்சிட்டானே எம் புள்ள" என்றார். ஆல்பம் தைத்து வருவதற்குள் அவர் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் படத்தில் இருப்பது நீ அடித்த வெள்ளை.

இதுவரைக்கும் உனக்குப் பாதி தெரியும். தெரியாததை எழுதுகிறேன். அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது குடியால வந்தது இல்லம்மா. ரத்தத்துல ஒரு கிருமி, ரொம்ப வருஷமா உள்ளேயே இருந்திருக்கு. ஈரல அரிச்சிடுச்சு. முன்னாடியே கொண்டு வந்திருந்தா மாத்திரையில அடக்கி வச்சிருக்கலாம். இது வீட்ல மத்தவங்களுக்கும் இருக்கலாம். பிள்ளைங்க, நீங்க, எல்லாரும் ரத்தம் பாத்துடுங்க. இல்லாதவங்களுக்கு ஊசி இருக்கு, வராம தடுத்துடலாம்" என்றார். தலையை ஆட்டினேன். வெளியே வந்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், செல்வி உன் பக்கத்தில் இருந்தாள், நகத்தில் மருதாணி முழுக்கப் போகவில்லை. "டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்று நீ கேட்டாய். "ஒண்ணுமில்ல, சாமிய வேண்டிக்கச் சொன்னாங்க" என்றேன்.

வந்து நாலு வாரம் ஆன பெண்ணிடம், உன் மாமனார் ரத்தத்தில் வியாதி, உன் புருஷனுக்கும் இருக்கலாம் என்று எப்படிச் சொல்வேன்? காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். வருஷம் திரும்பட்டும் என்று நினைத்தேன். செல்வி முழுகாமல் இருந்தாள், இப்போது எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்றிருந்தேன். யாழினி பிறந்த அன்றைக்கு ஏதோ ஊசி போட்டார்கள். அதில் இதுவும் உண்டா என்று நான் கேட்கவில்லை. பிறகு நீ நன்றாக இருந்தாய், கடை வளர்ந்தது, பிள்ளை கணக்கில் நூறு வாங்கினாள். டாக்டர் சொன்னதை நான் நினைக்காத நாள்களும் வந்தன. பதினைந்து வருஷம் ஓடிப்போனது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும்.

பயத்தில் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா கண்ணில் பார்த்ததை உன் கண்ணில் பார்த்திருக்கிறாய். ஒரு நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, செல்விக்கு முன்னால் சிரித்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருப்பாய். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தாயானால், ஊரை என்னிடம் விட்டுவிடு. கீழாநெல்லி குடிக்கிறேன், பத்தியம் இருக்கிறேன் என்று நாளைக் கடத்தாதே. அந்தக் கதை எப்படி முடியும் என்று பார்த்தவள் நான். இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது என்கிறார்கள். இன்னும் நேரம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று உன் மனசுக்கு இதமாக எழுதமாட்டேன். அப்படி இதமாகப் பேசித்தான் ஒருவரைப் பறிகொடுத்தேன். நேற்று காலை நான் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே பெயர் எழுதிக்கொள்கிற பெண், எதற்கு என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஈரலை அரிக்கிற கிருமி இருந்தது என்று, பதினைந்து வருஷம் கழித்து முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, அடுத்து என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் சிதம்பரம் வருகிறேன். அன்றைக்கு உனக்கு முகூர்த்தம் இருக்கிறது, விடிவதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். தெரிந்துதான் வருகிறேன். யாழினி பள்ளிக்கூடம் கிளம்பட்டும். அதற்கப்புறம் இந்தக் கடிதத்தையும், மூன்று பேரும் நிற்கிற அந்தப் படத்தையும் செல்வி கையில் கொடுப்பேன். உனக்கு எழுதியதை அவளுக்கு முதலில் கொடுக்கிறேனே என்று கோபப்படு, எனக்குக் கவலையில்லை. இது அவள் ரத்தமும்கூட. பிள்ளையுடையதும்கூட. பதினைந்து வருஷம் முன்னால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. என்னைக் கேட்கவேண்டியதை எல்லாம் அவள் கேட்கட்டும், பதில் சொல்ல நான் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வெளியே போ என்று சொன்னால், வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஊருக்குத் திரும்பிப் போகமாட்டேன்.

மத்தியானம் நீ பையைத் தோளிலிருந்து இறக்கும்போது அவள் படித்து முடித்திருப்பாள். உன் எதிரில் வந்து நிற்பாள் என்று நினைக்கிறேன். நீ முகத்தைத் திருப்பாதே, ராசா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நில். அவள் பார்க்கட்டும்.

உன் அம்மா